ஷாப்லி: கல்லின் சுவையா, குளிரின் சுவையா?

பாரிஸுக்குத் தென்கிழக்கே, செரன் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷாப்லி. பர்கண்டிப் பகுதியின் வடகோடி அது. இங்கே விளையும் ஷார்டொனே திராட்சையிலிருந்து மட்டுமே ஊரின் பெயரைத் தாங்கிய வெள்ளை ஒயின் தயாராகிறது. சாற்றிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால் இனிப்பு இராது; எலுமிச்சைப் புளிப்பும், நனைந்த கல்லை நினைவூட்டும் வாடையும்தான் முன்னால் நிற்கும். அந்த வாடைக்குப் பலரும் சொல்லும் காரணம் மண்ணில் இருக்கிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி ஆழமில்லாத கடல். அதன் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான் இன்றைய கிம்மெரிஜியன் மண். ஒரு கட்டியை உடைத்தால், விரல் நகத்தைவிடச் சிறிய வளைந்த சிப்பிகள் நெருக்கமாக ஒட்டிக்கிடப்பது தெரியும். சிப்பி மண்ணில் ஊன்றிய கொடி கடலின் சுவையை ஒயினுக்குக் கொடுக்கிறது என்பார்கள். கேட்க அழகான விளக்கம்தான். ஆனால் ஆராய்ந்தால் நிற்காது.

வேர் கல்லைத் தின்பதில்லை. நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற அயனிகளைத்தான் உறிஞ்சும். அவையும் நாக்கு உணர முடியாத அளவிலேயே ஒயினில் சேர்கின்றன. சிப்பி ஓடு வெறும் கால்சியம் கார்பனேட். அதற்கென்று மணம் கிடையாது. அப்படியானால் அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி குளிரிலிருந்து வருகிறது என்பதே என் முடிவு. வெயில் மிகுந்த ஊர்களில் பழுக்கும் திராட்சை தன் மாலிக் அமிலத்தை வேகமாகச் செலவழித்துவிடும்; ஷாப்லியில் அது மிஞ்சுகிறது. பின்னர் பாதாள அறையில் பாக்டீரியாக்கள் அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிய பிறகும் ஒயின் புளிப்பாகவே இருக்கிறதென்றால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! பெரும்பாலானோர் புதிய ஓக் பீப்பாயைத் தவிர்த்து எஃகுத் தொட்டியில் நொதிக்க வைப்பதால், வனிலா மணம் ஏறி அந்தப் புளிப்பை மறைப்பதுமில்லை.

இந்தக் குளிருக்கு உழவர் கொடுக்கும் விலை பெரிது. ஏப்ரலில் மொட்டு விரியும் வேளையில் உறைபனி இறங்கினால் ஒரே இரவில் ஆண்டு விளைச்சல் கருகிவிடும். 2021-இல் அப்படித்தான் பெருஞ்சேதம் ஆனது. வரிசைகளுக்கிடையே தீச்சட்டிகளைக் கொளுத்துவது ஒரு தற்காப்பு. இன்னொன்று வியப்பானது: விடிய விடியக் கொடிகள்மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பம் வெளிவரும். தண்ணீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை, பனிக்கட்டிக்குள் இருக்கும் மொட்டு பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே நின்று பிழைத்துக்கொள்ளும். தெளிப்பு நடுவில் நின்றால் பாதுகாப்பும் போய்விடும்.

மண்ணுக்குப் பங்கே இல்லையென்றால், ஒரே குன்றில் உள்ள லெ குளோ, வோதெசிர் முதலிய கிராண்ட் குரு என்ற உச்சத் தரம் பெற்ற 7 தோட்டங்களின் ஒயின், மேட்டு நிலத்தில் விளையும், தரவரிசையில் கடைசியான 'பெட்டி ஷாப்லி' ஒயினைவிட ஏன் செறிவாக இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் குன்று தென்மேற்கு நோக்கிச் சரிந்து பிற்பகல் வெயிலை வாங்குகிறது. அதன் சுண்ணாம்புக் களிமண் மிகுநீரை வடித்துவிட்டு, வறட்சிக்கு வேண்டிய ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மேட்டிலோ காற்று அதிகம், மண் மெலிவு. ஆக, மண் வேலை செய்கிறது. நீரையும் வெப்பத்தையும் பங்கிட்டுத் தருவதே அந்த வேலை. சில ஒயின்களில் தட்டுப்படும் சிக்கிமுக்கி வாடைக்கும், நொதிக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்களே பொருத்தமான விளக்கம்.

சிப்பிக் கதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இதை விட்டுவிட முடியாது. சுவை கல்லில் இருந்தால் கவலையில்லை, கல் அங்கேயேதான் இருக்கும். குளிரில் இருந்தால் அது ஏற்கெனவே நழுவத் தொடங்கிவிட்டது: செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் நடந்துவந்த அறுவடை இப்போது பல ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்துக்கே வந்துவிடுகிறது. வெப்பம் கூடியதால் மொட்டும் முன்கூட்டியே விரிந்து உறைபனியிடம் சிக்குகிறது. வெயில் போதாதென்று ஒரு காலத்தில் மதிப்புக் குறைத்த சரிவுகளை இனி வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கும்.