ஒரே இரத்தம், இரண்டு அளவுகள்

மாணவர்களே, எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய படியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஊர்ப் படியும் மற்றோர் ஊர்ப் படியும் ஒன்றாக இரா. இக்குழப்பம் நீங்கவே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் வந்தன. இரத்தப் பரிசோதனையிலும் இத்தகைய 'ஊர்ப் படி'கள் இருந்தன!

காயத்தில் கசியும் இரத்தம் எப்படி உறைகிறது? திராம்பின் என்னும் நொதி, இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த வலையில் இரத்த அணுக்கள் சிக்கிக்கொள்கின்றன.

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவருக்கோ உறைதலே ஆபத்து. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இத்தகைய உலோக வால்வு உள்ளவர்கள் வாழ்நாள் முழுவதும் உறைதலைக் குறைக்கும் மாத்திரை உண்ண வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். மிகுந்தால் உடலுக்குள் இரத்தம் கசியும்.

சரியான அளவை அறிவது எப்படி? 1935இல் ஆர்மண்ட் குவிக் ஒரு சோதனையைக் கண்டார். பிளாஸ்மாவுடன் திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, உறைய ஆகும் நேரத்தை அளப்பதே அது. ஆனால் திராம்போபிளாஸ்டின் முயல் மூளை போன்ற திசுக்களிலிருந்து எடுக்கப்பட்டது. தயாரிப்புக்குத் தயாரிப்பு அதன் உணர்திறன் மாறியது.

ஒரு நோயாளியின் இரத்தம் ஓர் ஆய்வகத்தில் 30 விநாடியில் உறைகிறது. வேறு திராம்போபிளாஸ்டின் உள்ள ஆய்வகத்தில் 19 விநாடியில் உறைகிறது. நலமானவரின் இரத்தத்துக்கு இரண்டிலும் 12 விநாடிதான். 19ஐ மட்டும் கண்டு மருந்து போதவில்லை என்று கூட்டினால் என்ன ஆகும்? உயிருக்கே கேடு!

இதற்குத் தீர்வாக உலக சுகாதார நிறுவனம் 1983இல் ஐ.என்.ஆர். முறையை ஏற்றது. ஒவ்வொரு திராம்போபிளாஸ்டினும் பன்னாட்டுப் படித்தரத்துடன் ஒப்பிடப்பட்டு, அதற்கு ஐ.எஸ்.ஐ. என்னும் குறியெண் தரப்படுகிறது. (இது குக்கரில் காணும் முத்திரை அன்று!) உணர்திறன் குறையக் குறைய இந்த எண் கூடும். நோயாளியின் நேரத்தை நலமானவரின் நேரத்தால் வகுத்து, விடையை அந்த எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் ஐ.என்.ஆர். கிடைக்கும்.

முதல் ஆய்வகத்தின் குறியெண் 1 எனக் கொள்வோம்: 30 ÷ 12 = 2.5. இரண்டாவதன் குறியெண் 2: 19 ÷ 12 = 1.58, அதன் வர்க்கம் 2.5. இரண்டும் ஒன்றே!

உங்கள் வீட்டில் எவரேனும் இம்மாத்திரை உண்டால், சோதனைச் சீட்டில் விநாடியோடு ஐ.என்.ஆர். எண்ணும் உள்ளதா என்று பாருங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. எண்ணைப் புரிந்துகொள்வது நம் வேலை.