ஒரு கேக்... இரண்டு கடைகள்... 9 ஆண்டு வழக்கு! வியன்னாவின் சாக்லேட் சண்டை

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் அரண்மனை, இசை அரங்கம் என்று லிஸ்ட் போட்டால், அதில் ஒரு சாக்லேட் கேக்கும் நிச்சயம் இருக்கும். பெயர், ஸாஹர்டோர்ட்டே. ஆனால், அதை எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதில்தான் சிக்கல். 'உண்மையான ஸாஹர் கேக் எது?' என்று கேட்டு இரண்டு கடைகள் கோர்ட் படியே ஏறியிருக்கின்றன!

16 வயதுப் பையனின் கைவண்ணம்

1832-ல் ஆஸ்திரியாவின் செல்வாக்கு மிக்க அமைச்சர் மெட்டர்னிக், விருந்தினர்களுக்குப் புதிதாக ஓர் இனிப்பு வேண்டும் என்றாராம். தலைமை சமையல்காரருக்கோ உடல்நிலை சரியில்லை. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த 16 வயது ஃபிரான்ஸ் ஸாஹர் செய்துகொடுத்த கேக்தான் இது என்பது வியன்னாவில் சொல்லப்படும் கதை.

முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்த சாக்லேட் கேக், ஆப்ரிகாட் பழ ஜாம், மேலே பளபளக்கும் சாக்லேட் பூச்சு. அவ்வளவுதான் விஷயம். உள்ளே க்ரீம் இல்லாததால் சீக்கிரம் கெடாது. மரப்பெட்டியில் வைத்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள்.

சண்டை ஏன் வந்தது?

ஃபிரான்ஸின் மகன் எட்வார்ட், 1786-ல் தொடங்கப்பட்ட 'டெமல்' கடையில் தொழில் பழகியவர். 1876-ல் சொந்தமாக 'ஹோட்டல் ஸாஹர்' திறந்தார். அவருக்குப் பிறகு ஹோட்டலை நடத்திய மனைவி அன்னா 1930-ல் இறந்தார். 1934-ல் ஹோட்டல் திவாலானது. குடும்ப வாரிசு, கேக் விற்கும் உரிமையை டெமலுக்குக் கொடுத்தார். ஹோட்டலை வாங்கிய புதியவர்களோ, 'ஒரிஜினல் எங்களுடையதே' என்றார்கள்.

1954-ல் தொடங்கிய வழக்கில், கேக்கின் நடுவில் ஜாம் உண்டா, இல்லையா என்பதெல்லாம் விவாதமானது. எழுத்தாளர் ஃபிரீட்ரிஹ் டோர்பெர்க் சாட்சிக் கூண்டில் ஏறி, 'அன்னா இருந்தவரை கேக்கை நடுவில் வெட்டியதே இல்லை' என்று சொன்னார். கடைசியில் 1963-ல் சமரசம். 'ஒரிஜினல்' என்ற பட்டம் ஹோட்டலுக்குப் போனது. டெமல், 'எட்வார்ட்' பெயரில் விற்கலாம் என்றானது.

என்ன வித்தியாசம்?

ஹோட்டல் ஸாஹர், ஓப்பரா அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. இங்கே கேக்கைக் குறுக்கே வெட்டி, நடுவிலும் ஜாம் தடவுகிறார்கள். மேலே வட்ட வடிவ சாக்லேட் முத்திரை. அங்கிருந்து சுமார் பத்து நிமிட நடையில் டெமல். இங்கே கேக் வெட்டப்படுவதில்லை. சாக்லேட் பூச்சுக்குக் கீழே மட்டும் ஜாம். முத்திரை முக்கோணம். பட்டம் ஓரிடத்தில், சாட்சி சொன்ன வெட்டாத கேக் வேறோர் இடத்தில்!

முதல் வாயிலேயே, 'என்ன, கொஞ்சம் காய்ந்திருக்கிறதே' என்று தோன்றலாம். அதற்குத்தான் பக்கத்தில் சர்க்கரை சேர்க்காத விப்டு க்ரீம் வைக்கிறார்கள். அதோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் ஆப்ரிகாட்டின் புளிப்பும் சாக்லேட்டின் இனிப்பும் சரியாகக் கூடும்.

போகிறவர்களுக்கு...

* இரண்டு கடைகளிலும் க்யூ நீளம். காலையிலேயே போய்விடுவது நல்லது.
* டெமலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக் செய்வதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.
* பிங்க் நிற 'ஐடா' கடைகள், 'கஃபே சென்ட்ரல்' போன்ற இடங்களிலும் சாக்லேட் கேக் உண்டு.
* காபியுடன் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.
* முட்டை சாப்பிடாதவர்களுக்கு இந்த கேக் ஆகாது.

கேக் கொஞ்சம் திகட்டும். அதனால், இரண்டு பேராகப் போய் ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டை மட்டும் வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒரே நாளில் இரண்டையும் ருசித்துவிடலாம். எது ஒரிஜினல் என்று அவரவர் நாக்கே தீர்ப்பு சொல்லட்டும்!