மோட்டார் சைக்கிள் இருக்கையை ஆளுக்கேற்ற உயரத்துக்கு மாற்றுதல்

சேற்றுக்கும் காட்டுப் பாதைக்கும் என்றே செய்யப்பட்ட உயரமான 'ட்ரெயில்' மோட்டார் சைக்கிள்கள் இன்றும் எமது கிராமங்களில் ஓடுகின்றன. வேறு யாரோ பல காலம் ஓடித் தேய்ந்து, கைமாறி வந்தவையே அவற்றுள் அதிகம். 1990களில் பெற்றோல் கிடையாதபோது மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும், அவற்றில் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்ததையும் மறக்க முடியாதவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர். திரும்பி வந்து வயலைத் திருத்தும் குடும்பத்துக்கு இப்படியான வண்டி ஒன்று இருப்பது பெரிய உதவிதான். ஆனால் அதன் இருக்கை எல்லோருக்கும் ஏற்ற உயரத்தில் இல்லை.

சாதாரண மோட்டார் சைக்கிளின் இருக்கை நிலத்திலிருந்து 30 அல்லது 31 அங்குல உயரத்தில் இருக்கும். ட்ரெயில் வண்டியிலோ அது 32 முதல் 36 அங்குலம் வரை போகும். ஐந்தடி உயரமான ஒருவரின் கால், கவட்டிலிருந்து குதிவரை அளந்தால், 27 அல்லது 28 அங்குலமே வரும். ஏறி இருக்கும்போது வண்டி சற்றுப் பதிந்து கொடுத்தாலும் பெருவிரல் நுனிதான் நிலத்தைத் தொடும். ஓடும்போது இதனால் குறை தெரியாது. நிறுத்தும்போதுதான் ஆபத்து. உழவு இயந்திரம் கிழித்த பள்ளத்தில் ஒரு கால் நிலம் தேடித் தவிக்க, நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அந்தப் பக்கமாகவே சாயும். சூடேறிய புகைக்குழாய் கெண்டைக்காலில் படும்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், கணவர் விட்டுச்சென்ற இத்தகைய வண்டியிலேயே ஆறு மைல் தூரத்திலுள்ள தமது வயலுக்குப் போய்வந்தார். ஒரே மதகடியில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டாம் முறை கால் வெந்து, வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட ஆயத்தமானார். அதை விற்றிருந்தால் விதைநெல்லை வயலுக்குக் கொண்டுபோக வேறு வழி அவருக்கு இல்லை. இருக்கையை ஒன்றேகால் அங்குலம் தாழ்த்தி, முன்பக்கத்தை ஒடுக்கிக் கொடுத்தோம். அவர் வண்டியை விற்கவில்லை.

சிலர் இருக்கையை விட்டுவிட்டு, பின் சொக் அப்சோபரின் சுருளை மாற்றி வண்டியையே தாழ்த்துகிறார்கள். எமது பாதைகளுக்கு இது பொருந்தாது. வண்டி தாழ்ந்தால் இயந்திரத்தின் அடிப்பாகம் மரக்குற்றியிலும் கல்லிலும் இடிபடும். இருக்கையைக் குறைத்தால் வண்டியின் நிலஉயரம் அப்படியே இருக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் இருக்கையின் முன்நாக்கு பெற்றோல் தாங்கியின் கீழ்ச் செருகியிருக்கும். பின்புறத்து இரண்டு ஆணிகளைக் கழற்றிப் பின்னோக்கி இழுத்தால் இருக்கை வந்துவிடும். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய தகரத் தட்டாயின் உறையைப் பிடித்திருப்பவை மடக்கிய தகரப் பற்கள். பிளாஸ்ரிக் தட்டாயின் ஸ்ரேப்பிள் கம்பிகள். பற்களை மெதுவாக, ஒரு தடவை மட்டும் நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும்.

உறையை நீக்கியதும் ஸ்பொன்ஞ் ஈரமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட வேண்டும். ஈர ஸ்பொன்ஞ் கத்திக்குப் பிய்யும், பசையும் பிடியாது.

இனி, வெட்டுவதற்கு முன் அளவு. இருக்கையை மீண்டும் வண்டியில் வைத்து, ஓட்டுபவரையே ஏற்றி இருத்தி, அவர் உட்காரும் இடத்தை மையால் குறியுங்கள். எவ்வளவு வெட்டினாலும் அவருக்கு அடியில் இரண்டு அங்குல ஸ்பொன்ஞ் மிஞ்ச வேண்டும். இதை நாம் எமது நட்டத்தால் அறிந்தோம். முதன்முதலில் வெட்டிய இருக்கையில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓர் அங்குலம் மட்டுமே மிஞ்சும்வரை போய்விட்டோம். கால் நன்றாக ஊன்றியது. ஆனால் கால் மணித்தியாலம் ஓடியதும் தட்டின் விளிம்பு எலும்பில் இடித்தது. வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. அந்த வண்டிக்காரருக்கு வேறு ஸ்பொன்ஞ் தேடிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

பல்லுள்ள பாண் வெட்டும் கத்தி இவ்வேலைக்கு நல்லது. இரும்பரியும் வாளின் அலகும் உதவும். ஒரே வெட்டில் தடிப்பாக எடுக்காமல், தோசைக் கனத்தில் சீவிச் சீவி எடுத்து, இடையிடையே ஏறி இருந்து பாருங்கள். பின் முரட்டு அரத்தாளால் தேய்த்து மட்டமாக்கலாம். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு எரிக்க வேண்டாம்; அந்தப் புகை நஞ்சு.

நடுவில் மட்டும் கிண்ணம்போலக் குழி தோண்டுவது பலர் செய்யும் பிழை. இருப்பவர் அக்குழிக்குள் அகப்பட்டு, மேட்டில் ஏறும்போது முன்னுக்கு நகர முடியாமல் தவிப்பார். மட்டமாகவே இறக்குங்கள். அதைவிட, தாங்கிக்குக் கிட்டவுள்ள இரு ஓரங்களையும் சரித்துச் சீவுவது பெரிய பலன் தரும். தொடைகள் அகலாமல் நேரே இறங்குவதால், உயரம் குறையாமலே கால் நிலத்துக்குக் கிட்டும். இதனைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வோம்.

தாழ்த்தினால் இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையிலான தூரமும் குறைவதால் முழங்கால் கூடுதலாக மடங்கும். அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியை ஓடும் வீட்டில், உயரமானவருக்கு முழங்கால் உளையும். அப்படியான வீடுகளில் ஓரத்தைச் சீவுவதோடு நிறுத்துவதே நல்லது.

உயர்த்த விரும்புவோர் மெத்தை ஸ்பொன்ஞ்சை வாங்கக் கூடாது. அது பாரத்துக்குத் தட்டையாக அமுங்கிவிடும். வெட்டுத் துண்டுகளை அமுக்கிச் செய்த, பலநிறப் புள்ளிகளுள்ள கடின ஸ்பொன்ஞ் தகடு குஷன் கடைகளில் கிடைக்கும். அதைப் பழைய ஸ்பொன்ஞ்சுக்கு மேலே அல்ல, அடியில், தட்டுக்கு மேலாக வைத்துச் செருப்புப் பசையால் ஒட்டுங்கள். மேலே ஒட்டினால் காய்ந்த பசை வரம்பாகத் தடித்து உறுத்தும். உயர்த்திய இருக்கைக்குப் பழைய உறை எட்டாது என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்த்திய இருக்கைக்குப் பழைய உறையே போதும்.

உறையிடுமுன் உரப்பையின் உள்ளிருக்கும் பொலித்தீனை நன்கு கழுவிக் காயவைத்து, ஸ்பொன்ஞ்சின் மேல் போர்த்துங்கள். மாரியில் தையல் துவாரங்களால் இறங்கும் நீரை அது தடுக்கும். றெக்சீனை அரை மணித்தியாலம் வெயிலில் போட்டால் இளகும். முன்நுனியை முதலில் பூட்டி, பின்னால் இழுத்துப் பூட்டி, பிறகு இடமும் வலமும் மாறிமாறி நடுவிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் தையல் கோணும். பிளாஸ்ரிக் தட்டுக்கு 6 மில்லிமீற்றர் ஸ்ரேப்பிள் கம்பி போதும். துருப்பிடியாத கம்பி கிடைத்தால் சற்று விலை கொடுத்தாவது வாங்குங்கள்.

இருக்கையைப் பூட்டியபின் முன்நாக்கு சரியாகச் செருகியிருக்கிறதா என்று இரு கைகளாலும் தூக்கிப் பாருங்கள். முதல் ஓட்டத்தைப் பாரம் ஏற்றாமல், வீட்டு வளவுக்குள்ளேயே, பத்துத் தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பழகிய பின்னரே வயற்பாதையில் இறக்குங்கள்.