ஓட்டப் போட்டி ஏற்பாட்டில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்

சாலை ஓட்டப் போட்டி சாலையில் நடப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு மென்பொருளில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. தொலைவுப் பிரிவுகள், தொடக்க நேரங்கள், வயதுப் பிரிவுகள், தேதிக்கேற்ப உயரும் கட்டணம், மார்பு எண் வரிசை, டி-சர்ட் அளவுகள், பரிசு விதிகள், கால வரம்பு ஆகிய அனைத்தையும் ஏற்பாட்டாளர் திரை திரையாக நிரப்ப வேண்டும். வேண்டியதைச் சாதாரண மொழியில் சொல்லி இவ்வேலையை முடிக்க உதவும் மென்பொருளே செயற்கை நுண்ணறிவு உதவியாளர்.

இதன் மையத்தில் இருப்பது பெருமொழி மாதிரி. பெருமளவு எழுத்துகளில் பயிற்சி பெற்று, ஒரு தொடரில் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்துப் பதில் எழுதும் நிரல் அது. தனியாக இருந்தால் அதனால் எழுத மட்டுமே முடியும். ஆகவே ‘பிரிவைச் சேர்’, ‘கட்டணத்தை மாற்று’, ‘பதிவு எண்ணிக்கையைக் காட்டு’ என்பன போன்ற கருவிகளோடு அதை இணைக்கிறார்கள். எந்தக் கருவியை எந்த விவரங்களோடு இயக்க வேண்டும் என்பதை மாதிரி எழுதித் தர, பதிவு மென்பொருள் அதை நிறைவேற்றுகிறது. இத்தகைய இணைப்புகளுக்கான பொது நெறிமுறைகளில் ஒன்றான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

“ஞாயிறு காலை 5 மணிக்கு அரை மாரத்தான், 6 மணிக்கு 10 கி.மீ.; முதல் மாதம் 200 ரூபாய் தள்ளுபடி; ஒவ்வொரு பத்து வயது இடைவெளிக்கும் ஒரு பரிசுப் பிரிவு” என்று ஏற்பாட்டாளர் சொல்வதாகக் கொள்வோம். நன்கு அமைக்கப்பட்ட உதவியாளர், விடுபட்டவற்றைக் கேட்ட பிறகே படிவத்தை நிரப்பும். வயதைப் போட்டி நாளன்று கணக்கிடுவதா, ஆண்டின் கடைசி நாளிலா? தள்ளுபடி எந்த நாள் நள்ளிரவோடு முடிகிறது? பரிசுக்கு எந்த நேரம் கணக்கு?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. மார்பு எண் அட்டையின் பின்புறம் ஒட்டியிருக்கும் ரேடியோ சிப், தரையில் விரித்த பாயைக் கடக்கும்போது பாயிலுள்ள ஆன்டெனா அதைப் படிக்க, அந்த நொடி பதிவாகிறது. தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணுவது துப்பாக்கி நேரம். ஓட்டக்காரர் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணுவது சிப் நேரம். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கு இரண்டுக்கும் இடையே பல நிமிட வேறுபாடு வரலாம். எந்த நேரத்தின்படி பரிசு என்பது முன்பே முடிவாகாவிட்டால், பரிசு மேடையில்தான் தகராறு தொடங்கும்.

அடுத்தது கணக்கு. சொற்களைக் கணிக்கும் மாதிரி பெருக்கலிலும் வகுத்தலிலும் தவறக்கூடும். அதனால் நல்ல உதவியாளர் மென்பொருள்கள் கணக்கைத் தனிக் கணக்கீட்டு நிரலிடம் ஒப்படைக்கின்றன. அரை மாரத்தானின் தொலைவு 21.0975 கி.மீ. கால வரம்பு மூன்றரை மணி நேரம் என்றால், கடைசி ஓட்டக்காரர் ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ 9 நிமிடம் 57 நொடியில் கடக்க வேண்டும், 15 கி.மீ. குறியை அவர் 2 மணி 29 நிமிடத்தில் அடைந்தாக வேண்டும். அந்தச் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடும் நேரம் இதிலிருந்து கிடைக்கிறது. தண்ணீருக்கும் இதே முறைதான். 5, 10, 15 கி.மீ. குறிகளிலும் முடிவிலும் 2,000 பேருக்குத் தலா 200 மில்லி என்றால் மொத்தம் 1,600 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் 80. ஓட்டக்காரர் எண்ணிக்கை மாறினால் இத்தனையும் நொடியில் திருத்தப்படும்.

பாதையின் நீளம் மட்டும் இப்படித் திரையில் முடிவாவதில்லை. உலகத் தடகள அமைப்பு ஏற்கும் முறை, அளவு சரிபார்க்கப்பட்ட சைக்கிளால் சாலையை நேரில் அளப்பது. சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்னும் எண்ணி பொருத்தப்படும். எஃகு நாடாவால் அளந்த நேர்சாலையில் ஓட்டிப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்பது முதலில் கண்டறியப்படும். பிறகு வளைவுகளில் சாலை ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய மிகக் குறுகிய வழியில் சைக்கிள் செல்லும். பாதை குறைந்துவிடாமல் இருக்க கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்க்கப்படும்.

தவறினால் விலை பெரிது. 2013 முதல் 2015 வரை மான்செஸ்டர் மாரத்தான் ஓடப்பட்ட பாதை 380 மீட்டர் குறைவு என்பது 2016இல் தெரியவந்தது. அங்கு ஓடியவர்களின் நேரங்கள் செல்லாமல் போயின. 2021 பிரைட்டன் மாரத்தானில், எல்லை குறிக்கும் கூம்பு ஒன்று இடம் மாறி வைக்கப்பட்டதால் பாதை 568 மீட்டர் நீண்டது. வரைபடத்தை மட்டும் பார்க்கும் உதவியாளருக்கு இடம் மாறிய கூம்பு தெரியாது.

திரையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பது வெயிலுக்கும் பொருந்தும். ஓட்டத்துக்கான வெப்ப ஆபத்தை ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்னும் அளவால் மதிப்பிடுகிறார்கள்: ஈரக்குமிழ் வெப்பநிலையில் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் வெப்பநிலையில் 0.2 பங்கு, காற்றின் வெப்பநிலையில் 0.1 பங்கு ஆகியவற்றின் கூட்டுத்தொகை இது. ஈரப்பதத்துக்கு இத்தனை எடை இருப்பதால், சென்னை போன்ற கடலோர நகரங்களில் வெப்பமானி காட்டுவதைவிட ஆபத்து கூடுதலாக இருக்கலாம். உதவியாளர் முன்னறிவிப்பைத் திரட்டி எச்சரிக்கலாம். 2007இல் சிகாகோ மாரத்தான் கடும் வெப்பத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. அத்தகைய முடிவு போட்டி இயக்குநரும் மருத்துவக் குழுவும் எடுக்க வேண்டியது.

பதிவு தொடங்கியபின் “மார்பு எண்ணை எங்கே வாங்குவது?” போன்ற கேள்விகளுக்கு உதவியாளரே பதில் தரலாம். தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடும் குறை மொழி மாதிரிகளுக்கு உண்டு. ஆகவே அந்தப் போட்டியின் விதிகளுக்குள் மட்டும் பதில் தேடுமாறு அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். போட்டி முடிந்ததும், பாதையின் இடையே விரித்த பாயில் பதிவாகாமல் முடிவுக் கோட்டை அடைந்தவர்களை அது சுட்டிக்காட்டும். குறுக்குவழியில் வந்தாரா, சிப் படிக்கத் தவறியதா என்பதை நடுவர் விசாரித்துத் தீர்மானிப்பார்.

ஓட்டக்காரர்களின் பிறந்த தேதி, உடல்நலக் குறிப்பு, அவசரத் தொடர்பு எண் ஆகியவை பதிவுத் தரவில் அடங்கும். வேலைக்குத் தேவையான விவரங்களை மட்டுமே உதவியாளர் பார்க்கும்படி அனுமதியைப் பிரிப்பது வழக்கம். அதுபோலவே, வரைவு தயாரிப்பதை அதனிடம் விட்டாலும், பதிவைத் திறப்பது, பணத்தைத் திருப்பித் தருவது, அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்புவது ஆகிய திரும்பப் பெற முடியாத செயல்கள் ஏற்பாட்டாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பின்னரே நடக்குமாறு அமைக்கப்படுகின்றன.