வெள்ளத்தில் இறங்கும் முன்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டுக்கொள்வதை நாம் அறிவோம். ஊசி போட்டவுடன் உடல் எதிர்ப்பு ஆற்றலைப் பெற்றுவிடாது. அதற்கு அவகாசம் வேண்டும். பயண நாள் தெரிந்திருப்பதால் நாம் முன்கூட்டியே ஆயத்தமாகிறோம். வெள்ளமோ நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை.

வாசக நேயர்களே! 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சமயம் பாராது மக்களை மீட்டவர்களில் ஜமாஅத் இளைஞர்கள் பலர் இருந்தனர். அத்தகைய தொண்டர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அவர் இறங்குவது வெறும் மழைநீரில் அன்று. சாக்கடையும் சேறும் கலந்த அந்நீருக்கடியில் கண்ணாடித் துண்டும், ஆணியும், கிழிந்த தகரமும் கிடக்கின்றன.

அங்கு ஏற்படும் காயத்தின் வழியே வரக்கூடியது இரணஜன்னி. துருப்பிடித்த இரும்பே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. நோய் கண்டவரின் தாடை இறுகும்; தசைகள் விறைக்கும்; மூச்சும் தடைப்படலாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகையால் ஊரார் அனைவரும் ஊசி போட்டிருந்தாலும், போடாதவருக்கு அதனால் பாதுகாப்பு இல்லை.

தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் இவ்வூசியைப் போட்டுக்கொள்கின்றனர். ஆண்களில் பலருக்கோ பள்ளிப் பருவத்தோடு அது நின்றுவிடுகிறது. முன்பு முறையாகப் போட்டவர்கள் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்குப் படிந்த காயம் ஏற்பட்டு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் அப்போதும் தேவை. ஒருமுறையும் போடாதவர்களுக்கு மூன்று தவணைகள் வேண்டும். இப்போது தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பு மருந்தும் சேர்ந்தே இவ்வூசி கிடைக்கிறது.

காயமுற்றோரைத் தூக்குவோரும், இறந்தோரின் உடல்களை மீட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்வோரும் மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசியைப் போட்டிருத்தல் நலம். இந்நோய் இரத்தத்தின் வழியே பரவக்கூடியது. இந்தியாவில் 2002-இல் தொடங்கிப் படிப்படியாகவே குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி வழங்கப்பட்டது. ஆதலால் இன்றைய பெரியவர்கள் பலர் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போட வேண்டும். அக்டோபரில் தொடங்கும் பருவமழைக்கு முன் இவை நிறைவுற வேண்டுமாயின், மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிடுவது நன்று. டைபாய்டு தடுப்பூசி தேவையா என்பதையும் அப்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஊசி ஒன்றே எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்திற்குப் பின் எலிக்காய்ச்சல் பரவியது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் இந்நோயை உடலுக்குள் செலுத்திவிடும். இதற்கான தடுப்பூசி நம் நாட்டில் வழக்கத்தில் இல்லை. அன்று கேரளத்தில் தொண்டர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழங்கினர். மருத்துவரின் ஆலோசனை பெற்றே அதை உட்கொள்ள வேண்டும். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அணிவது அவசியம். காயத்தை உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய நீரையே பருகுங்கள்.

உங்கள் மகனோ, சகோதரரோ, கணவரோ மீட்புப் பணிக்குச் செல்பவராயின், கடைசியாக எந்த ஆண்டில் தடுப்பூசி போட்டார் என்று இன்றே கேளுங்கள். நினைவில்லை என்பாராயின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். பிறர் உயிரைக் காக்கச் செல்பவர் நலமாக வீடு திரும்ப வேண்டுமல்லவா?