தூணுக்கு மேலே, தூணுக்குக் கீழே

தொண்ணூறுகளில் பாங்காக் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். புத்தர் கோயில்களைச் சொல்வதற்கு முன்னால் போக்குவரத்து நெரிசலைத்தான் சொல்வார்கள். சுகும்விட் சாலையில் டாக்சி பிடித்தால், மூன்று கிலோமீட்டர் போகப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். மதியத்துக்கு மேல் ஒரே ஒரு இடம் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் அன்று நாங்கள் விடுதியிலிருந்து கிளம்புவோம்.

வண்டிகள் பெருகியது மட்டும் இதற்குக் காரணமல்ல. கால்வாய்களை நம்பி வளர்ந்த ஊர் அது. அவற்றில் பலவற்றைத் தூர்த்துத்தான் சாலை போட்டார்கள். பெரிய சாலைகள் கொஞ்சம். அவற்றிலிருந்து பிரியும் நீண்ட சந்துகளில் பலவும் முட்டுச்சந்துகள். பக்கத்துச் சந்துக்குப் போகக்கூடப் பெரிய சாலைக்கு வந்து திரும்ப வேண்டும்.

டான் முவாங் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில், ரயில் பாதையோரம் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே ஒன்றும் இருக்காது. ஹாங்காங்கின் ஹோப்வெல் நிறுவனத்துக்கு 1990இல் கொடுத்த உயர்மட்டப் பாதைத் திட்டத்தின் மிச்சம் அது. வேலை இழுத்துக்கொண்டே போய், 1997இல் பாட் நாணயம் சரிந்த காலத்தோடு திட்டமும் கைவிடப்பட்டது.

தூண்களுக்கு மேல் நிஜமாகவே ரயில் ஓடத் தொடங்கியது 1999 டிசம்பர் 5 அன்று, ஊரின் நடுப்பகுதியில். 2004இல் சுரங்க ரயில் வந்தது. 2006இல் விமான நிலையம் சுவர்ணபூமிக்கு மாறியது. 2010இல் அதற்கும் ரயில் வந்தது. அந்த மொட்டைத் தூண்கள் நின்ற தடத்தில் 2021 முதல் சிவப்பு வழித்தட ரயில் ஓடுகிறது.

இப்போது போனால் ஒரே நாளில் நாலு இடம் பார்க்கலாம். சியாம் நிலையத்திலிருந்து சிட்லோம் நிலையம் வரை, ரயில் பாதைக்கு அடியிலேயே நடைபாலம். தரையில் கால் வைக்காமல் ஒரு வணிக வளாகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால், கீழே சாலை பழையபடி அடைத்துக்கொண்டுதான் கிடக்கிறது. சுகும்விட் நடைபாதையில் இருந்த தள்ளுவண்டிகள்தாம் குறைந்துவிட்டன.

சந்துகள் மாறாததால் பழைய வாகனங்களும் போகவில்லை. ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சந்தின் உள்கோடிக்கு அவர்கள்தாம் கதி. 1837இல் வெட்டத் தொடங்கிய சேன் சேப் கால்வாயில் பயணிகள் படகு இன்றும் சீறிக்கொண்டு போகிறது. ஹெல்மெட் மாட்டிய நடத்துநர் படகின் விளிம்பில் நடந்தே காசு வாங்குகிறார். அழுக்குத் தண்ணீர் தெறிக்காமலிருக்க, ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

ஆக, ரயில் நெரிசலைத் தீர்க்கவில்லை. காசு கொடுப்பவரை அதற்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ஏசி இல்லாத பேருந்தின் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அந்தக் காசு. சுற்றுலா வந்தவருக்கு அது பொருட்டில்லை. தினமும் வேலைக்குப் போகும் கடைச் சிப்பந்திக்கு அது சம்பளத்தில் ஒரு பங்கு. 2023இல் சிவப்பு, ஊதா வழித்தடங்களில் எங்கே போனாலும் 20 பாட் என்று அறிவித்தது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான். பாங்காக்கில் தூண்கள் போதுமான அளவுக்கு எழுந்துவிட்டன. இனி இறங்க வேண்டியது கட்டணம்தான்.