முதலில் பம்பு, பிறகுதான் இஞ்சின்!

செந்தூல் வளர்ந்ததே இரயில்வே பட்டறையைச் சுற்றித்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே இங்கு அமைத்த பணிமனையில் நம்மவர்கள் பலர் வேலை செய்தார்கள். அந்தப் பணிமனை இன்று இயங்கவில்லை. ஆனால், பழையதைக் கழற்றிப் புதியதோடு பொருத்தி ஓடவைக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

என் மாமா வேனில் சென்று, சாலையோரத்தில் நின்றுபோகும் வாகனங்களுக்கு டயர் மாற்றிக் கொடுக்கிறார். அவருடைய மின்சாரக் காற்றழுத்தியின் மோட்டார் எரிந்துவிட்டது. பம்பு நன்றாக இருந்தது. சாலையோரத்தில் மின்சாரம் ஏது? அதனால் அந்தப் பம்பைப் பெட்ரோல் இஞ்சினால் ஓட்ட நினைத்தார். "நீ இஞ்சினியரிங் படிக்கிறியே, எத்தனை ஹார்ஸ் பவர் வாங்கணும், சொல்லு" என்றார்.

இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவரான எனக்கு அது ஒரு நல்ல பாடமாக அமைந்தது. ஏனென்றால், இஞ்சினிலிருந்து கணக்கைத் தொடங்கக்கூடாது. பம்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பம்பு எவ்வளவு காற்றை இழுக்கும்?

மாமாவின் பம்பில் இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 65 மில்லிமீட்டர்; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 50 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் நமக்குத் தெரியும். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.33 லிட்டர். நிமிடத்திற்கு 900 சுற்று என்றால் 300 லிட்டர்.

ஆனால், இந்த 300 லிட்டரும் கொள்கலனுக்குள் போய்ச் சேராது. சிலிண்டர் மூடியின் இடுக்கில் தங்கும் அழுத்தக் காற்று மீண்டும் விரிந்து, புதிய காற்றுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்காம் படிவ இயற்பியலில் படித்த பாயில் விதியை நினைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 லிட்டர் கிடைத்தாலே நல்ல பம்பு.

எவ்வளவு சக்தி தேவை?

நிமிடத்திற்கு 200 லிட்டர் காற்றை 8 பார் அழுத்தத்திற்குக் கொண்டுபோக, கோட்பாட்டின்படி 1 கிலோவாட் போதும். உராய்வு, வெப்பம், பெல்ட் இழப்பு எல்லாம் சேர்த்தால் அது 1.7 கிலோவாட் வரை போகும். அதனால்தான் பழைய மோட்டார் 2.2 கிலோவாட்டாக, அதாவது 3 குதிரைசக்தியாக இருந்தது.

அப்படியென்றால் 3 குதிரைசக்தி பெட்ரோல் இஞ்சின் போதுமா? போதாது. மின்மோட்டார் சில வினாடிகளுக்குத் தன் அளவைவிட இருமடங்குக்கும் மேலான முறுக்குவிசை தரும். பெட்ரோல் இஞ்சினுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அதன்மேல் எழுதியிருக்கும் சக்தி, அதிக வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. அதை நாள் முழுவதும் பிழிந்தெடுக்க முடியாது. எனவே மோட்டாரைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு சக்தியுள்ள இஞ்சினைத் தேடுவது வழக்கம். பட்டறைகளில் பலரும் பயன்படுத்தும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 இஞ்சின் 163 சிசி. நிமிடத்திற்கு 3,600 சுற்றில் 3.6 கிலோவாட் தரும். இந்தப் பம்புக்கு அந்த அளவு பொருத்தமானது.

புல்லியில்தான் சூட்சுமம்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நான்கு துருவ மோட்டார் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 சுற்று சுற்றும். பம்பு 900 சுற்ற வேண்டும் என்றால் விகிதம் 1.6. பம்பின் சக்கரம் 300 மில்லிமீட்டர். ஆகவே மோட்டாரில் 187 மில்லிமீட்டர் புல்லி இருந்தது.

அதே புல்லியை, 3,000 சுற்றில் ஓடும் இஞ்சினில் மாட்டினால் என்ன ஆகும்? பம்பு 1,875 சுற்று சுற்றும். வேகம் இரு மடங்கைத் தாண்டினால் தேவைப்படும் சக்தியும் இரு மடங்கைத் தாண்டும். இஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காவிட்டால், பம்பு சூடேறி வால்வுத் தகடுகள் உடையும். காற்று அதிகம் கிடைக்கும் என்று எண்ணி பெரிய புல்லியை மாட்டுவது, பம்பைக் கொல்லும் வழி.

3,000 ஐ 900 ஆல் வகுத்தால் 3.33. எனவே நமக்குத் தேவை 90 மில்லிமீட்டர் புல்லி. இஞ்சினைவிட மலிவான இந்தப் பொருள்தான் பம்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இஞ்சினை நிறுத்த முடியாதே!

கொள்கலன் நிரம்பியதும் மின்மோட்டாரை ஒரு சுவிட்ச் தானாக நிறுத்தும். அழுத்தம் குறைந்ததும் மீண்டும் ஓட்டும். பெட்ரோல் இஞ்சினை ஒவ்வொரு முறையும் கயிறு இழுத்தா கிளப்புவது? இதற்காகவே அன்லோடர் வால்வு இருக்கிறது. அழுத்தம் எல்லையைத் தொட்டதும், பம்பு தள்ளும் காற்றை அது வெளியே திறந்துவிடும். அதோடு இணைந்த சிறு கம்பி இஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். பம்பு சுமையின்றிச் சுற்றும், பெட்ரோலும் மிச்சமாகும். ஒருவழி வால்வு கொள்கலனில் உள்ள காற்றைத் திரும்ப விடாது.

விளையாடக்கூடாத இடம்

மாமாவிடம் இருந்த 100 லிட்டர் கொள்கலனின் அடியில் துரு பிடித்திருந்தது. அழுத்திய காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகி அடியில் தேங்கும். நம் ஊரின் ஈரப்பதத்தில் இது இன்னும் அதிகம். அதை ஒட்டுவைத்து ஓட்டலாம், பழைய எரிவாயு உருளையை மாட்டலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன.

நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். 8 பார் அழுத்தத்தில் 100 லிட்டர் காற்று வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 100 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள காரை 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். மாமா தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்வார். பேச்சு அதோடு முடிந்தது. சோதிக்கப்பட்ட புதிய கொள்கலனும் பாதுகாப்பு வால்வும் வாங்கினோம்.

கொள்கலனைக் காற்றால் சோதிக்க மாட்டார்கள். நீரால் நிரப்பித்தான் அழுத்துவார்கள். நீர் ஏறக்குறைய சுருங்காது என்பதால், தகடு பிளந்தாலும் வெடிக்காது, கசியும். தொழிலிடங்களில் இருக்கும் அழுத்தக் கொள்கலன்களை டோஷ் எனப்படும் அரசுத் துறை கண்காணிக்கிறது. 'பிஎம்டி' எனத் தொடங்கும் பதிவு எண்ணை அவற்றில் காணலாம்.

இன்னொன்று: இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாடை கிடையாது. கதவு மூடிய வேனிலோ அறையிலோ இஞ்சினை ஓட்டவே கூடாது.

மாணவ நண்பர்களே, இதில் எங்கேயும் பல்கலைக்கழகக் கணிதம் தேவைப்படவில்லை. உருளையின் கன அளவு, விகிதம், வகுத்தல், இடைநிலைப்பள்ளி இயற்பியல் ஆகியவையே போதுமானவையாக இருந்தன. அடுத்த முறை டயருக்குக் காற்றடிக்க நிற்கும்போது, பெல்ட் ஓடும் அந்த இரண்டு சக்கரங்களையும் கவனியுங்கள். பெரியது சிறியதைப்போல் எத்தனை மடங்கு என்று கண்ணளவில் பாருங்கள். மோட்டார் தகட்டிலுள்ள வேகத்தை அதனால் வகுத்தால், பம்பு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.